தட்டுக்கு வெளியே போன மாடு: ஒரு பீங்கான் பயணம்

முதல் நாள், லண்டன்

ஆச்சியிடம் ஒரு நீலத் தட்டு இருந்தது. தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. விருந்தாளிக்குப் பண்டம் வைத்து நீட்ட மட்டுமே அதை எடுப்பார். வலப்பக்கம் ஒரு பெரிய சீன வீடு, நடுவில் தண்ணீர்மேல் சாய்ந்த மரம், பக்கத்தில் மூன்று கண் பாலம், பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு பறவைகள், ஒரு படகு, முன்னால் கோணல்மாணலாக ஒரு வேலி. மூன்று பேரும் எங்கே போகிறார்கள் என்று கேட்டால் ஆச்சி ஒரு கதை சொல்வார். கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்டதாம். முன்னால் போகிறவள் பெண்ணுக்கு அத்தை. நடுவில் இருப்பவர் சீர்ப்பெட்டி தூக்கிப் போகிறார். கடைசியில் கம்போடு வருகிறவர் மாட்டை விரட்டிக்கொண்டு வருகிறார்.

"மாடு எங்கே ஆச்சி?"

"அது முன்னாடியே ஓடிருச்சு. தட்டுக்கு வெளியே நிக்குது."

அந்தத் தட்டின் ஓவியத்துக்கு வில்லோ பேட்டர்ன் என்று பெயர் என்பதும், அது சீனாவில் பிறக்கவில்லை, இங்கிலாந்தில் பிறந்தது என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. அதைத் தேடித்தான் இந்த ஒரு வாரப் பயணம். கூடவே இன்னொரு ஆசையும் உண்டு. இந்தப் பழைய நீல ஓவியத்துக்குள் குறும்பாக எதையாவது நுழைத்துவிடும் பீங்கான்களை நேரில் பார்க்க வேண்டும்.

இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பீங்கான் பிரிவு மேல்மாடியில் இருக்கிறது. கண்ணாடி அலமாரிகளில் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முதல் அரை மணி நேரம் சும்மா நடந்தேன்.

இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ராபர்ட் டாசன் 1996-இல் செய்த வில்லோ தட்டுகள் உள்ளன. தட்டு வட்டமாகவே இருக்கிறது, அதன் மேலுள்ள வில்லோ ஓவியம் மட்டும் சாய்ந்து, நீண்டு கிடக்கிறது. மேசையில் இருக்கும் தட்டைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. கண் ஒரு தட்டைப் பார்க்கிறது, மனம் இன்னொரு தட்டைப் பார்க்கிறது. ஒரு கோடுகூடப் புதிதாகச் சேர்க்காமல் சிரிக்க வைக்கிறார். எனக்கு இது பெரிய சாதனையாகவே தோன்றுகிறது.

பால் ஸ்காட் என்ற கலைஞரின் வேலை வேறு மாதிரி. இங்கிலாந்தின் வடமேற்கில் கம்ப்ரியா பகுதியைச் சேர்ந்தவர். பழைய நீலநிற நாட்டுப்புறக் காட்சிகளுக்குள் காற்றாலையையும் அணுமின் நிலையத்தையும் கொண்டுவந்து வைப்பவர். 2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவி லட்சக்கணக்கான கால்நடைகளைக் கொன்று அழித்தார்கள். அதையொட்டி அவர் செய்த தட்டில் புல்வெளி இருக்கிறது, மரம் இருக்கிறது, மாடு நிற்க வேண்டிய இடத்தில் மாட்டின் உருவம் வெறும் வெள்ளையாக வெட்டுப்பட்டிருக்கிறது. முதல் பார்வைக்கு ஏதோ விளையாட்டுபோல் இருக்கிறது. காரணம் தெரிந்ததும் நெஞ்சு கனக்கிறது.

ஆச்சியின் மாடு நினைவுக்கு வந்துவிட்டது. இரவு முழுக்க அதே நினைப்பு.

இரண்டாம் நாள், லண்டனிலிருந்து ஸ்டோக்

காலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் மட்டும். 95-ஆம் அறையில் டேவிட் ஜாடிகள் என்று ஒரு ஜோடி இருக்கிறது. 1351 என்ற ஆண்டு அவற்றின் மேலேயே எழுதியிருக்கிறது. யானைத்தலை வடிவில் கைப்பிடிகள். சீனாவின் ஜிங்தெஜென் நகரம் நீல வெள்ளைப் பீங்கானில் புகழடையத் தொடங்கிய காலம் அது. அந்த நீலத்துக்கான கோபால்ட் பாரசீகப் பக்கத்திலிருந்து போனது. நாம் சொல்லும் பீங்கான் என்ற சொல்லும் பாரசீக வழி வந்ததுதான். பொருள் ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம் என்று கலந்து உருவானது இந்த நீல வெள்ளை. இதில் எது கலப்படமில்லாத மரபு என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஸ்டோக், இங்கிலாந்தின் பீங்கான் ஊர். நிலையத்துக்கு எதிரே ஜோசையா வெட்ஜ்வுட் கையில் ஒரு ஜாடியோடு சிலையாக நிற்கிறார். ஒரு குயவருக்கு ஊர் வாசலில் சிலை. பார்க்கவே நிறைவாக இருந்தது.

தங்கும் வீட்டில் வயதான அம்மையார் ஒருவர் கதவைத் திறந்து, "உள்ளே வா, டக்" என்றார். டக் என்றால் வாத்துதான். இந்த ஊரில் ஆண், பெண், சின்னவர், பெரியவர் எல்லாரையும் பிரியமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

தேநீரோடு ஒரு தட்டில் பிஸ்கட் வைத்தார். வில்லோ தட்டு. பிஸ்கட்டை எடுத்ததும் எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பாலம் இருக்கிறது, மரம் இருக்கிறது, வீடு இருக்கிறது. வானத்திலோ பறக்கும் தட்டுகள்! அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து வடிவமைப்பாளர் டான் மோயர் வரையும் கலாமிட்டிவேர் வரிசை இது. கடல் அரக்கன், ராட்சத ரோபோ என்று தட்டுக்கு ஒரு பேரிடர். பழைய வில்லோ தட்டு ஒன்றைப் பார்த்து வரையும்போது இடையில் ஒரு பிராணியைச் சேர்க்கப் போய்த்தான் இந்த வரிசையே தொடங்கியது. திருப்பிப் பார்த்தேன். போலந்தில் செய்த பீங்கான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் அவசரப்படுத்தாததுதான். கோட்டின் தடிமன், நீலத்தின் அடர்த்தி, ஓரத்துப் பூவேலை எல்லாம் பழைய தட்டின் இலக்கணப்படியே இருக்கின்றன. உணவு இருக்கும்வரை அது பாட்டி காலத்துத் தட்டு. சாப்பிட்டு முடிக்க முடிக்கத்தான் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. சுவரில் மாட்டும் ஓவியத்துக்கு இந்த வசதி கிடையாது.

அம்மையாரிடம் ஆச்சியின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன் சிறுவயதில் கேட்ட கதையைச் சொன்னார். பணக்கார அதிகாரியின் மகள் கூங்-ஸீ, அவரிடம் கணக்கெழுதும் சாங்கைக் காதலிக்கிறாள். இருவரும் ஓடுகிறார்கள். பாலத்தில் முன்னால் போவது அவள், நடுவில் நகைப்பெட்டியோடு அவன், பின்னால் சாட்டையோடு அப்பா. கடைசியில் காதலர்கள் இருவரும் பறவைகளாகிவிடுகிறார்கள்.

அழகான கதை. ஆனால் சீனாவில் அப்படி ஒரு பழங்கதை கிடையாது. ஓவியம் வந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1849-இல் ஓர் ஆங்கிலக் குடும்ப இதழில் அச்சான கதை அது. ஓவியத்தைப் பார்த்துக் கட்டிய கதை. ஆச்சி செய்ததும் அதுதானே.

மூன்றாம் நாள், லாங்டன்

ஸ்டோக் என்பது ஒரே ஊர் இல்லை. டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஆறு ஊர்கள் 1910-இல் ஒன்றாக இணைந்தவை. லாங்டனில் கிளாட்ஸ்டோன் மண்பாண்ட அருங்காட்சியகம். பழைய தொழிற்சாலையை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

முற்றத்தில் பல ஆள் உயரத்துக்குப் புட்டி வடிவச் செங்கல் சூளைகள். ஒருகாலத்தில் இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தன. இன்று ஐம்பதுக்கும் குறைவு. நிலக்கரிப் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1956-இல் வந்தது, மின்சாரச் சூளையும் எரிவாயுச் சூளையும் வந்தன, இவை அணைந்தன. கடைசியாக 1978-இல் ஒரு முறை, நினைவுக்காகவே ஒரு சூளையை மூட்டினார்களாம்.

உள்ளே போய் நின்றால் சத்தம் அடங்கிவிடுகிறது. தட்டுகளைப் புகை படாமல் காக்க சாகர் எனப்படும் தடித்த மண்பெட்டிகளில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அந்தப் பெட்டியைத் தலையில் தூக்கி ஏணியில் ஏற வேண்டும். தலைக்கு அணையாகப் பழைய காலுறையைச் சுருட்டித் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார்களாம். அதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு ஒரே சொல்தான் தோன்றியது: சும்மாடு.

சாகரின் அடிப்பகுதியை மரச்சுத்தியால் தட்டித் தட்டித் தகடாக்குவது சிறுவர்களின் வேலை. அந்த வேலையின் பெயரை ஆங்கிலத்தில் கேட்டால் சிரிப்பு வரும்: சாகர் மேக்கர்ஸ் பாட்டம் நாக்கர். பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சுத்தியலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நாள் முழுக்க அதைத் தூக்கிய பிள்ளையின் தோளை நினைத்துக்கொண்டேன்.

போன் சைனா என்ற மெல்லிய வெள்ளைப் பீங்கான் எதனால் ஆனது என்பதும் அங்கே தெளிவாகப் புரிந்தது. ஏறக்குறைய பாதி எலும்புச் சாம்பல், கால் பங்கு வெள்ளைக் களிமண், கால் பங்கு கார்ன்வால் கல். எலும்பு என்றால் மாட்டு எலும்பு. இரும்பு குறைவாக இருப்பதால் அதில்தான் அந்த வெண்மை கிடைக்கிறது. சைவக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சங்கடமான செய்தி என்பது தெரியும். எனக்கும் ஒரு நிமிடம் என்னவோபோல் இருந்தது. ஆச்சியின் தட்டை விரலால் தட்டினால் மந்தமாகத்தான் ஒலிக்கும். அது வெறும் மண்பாண்ட வகையாகவே இருந்திருக்க வேண்டும். உலகில் உள்ள வில்லோ தட்டுகளில் பெரும்பாலானவை அப்படித்தான்.

நான்காம் நாள், மிடில்போர்ட்

பர்ஸ்லம் பக்கம் கால்வாய்க் கரையில் மிடில்போர்ட் தொழிற்சாலை. 1888-இல் கட்டியது. பர்லி என்ற பெயரில் இன்றும் பாண்டம் செய்கிறார்கள். ஏழு சூளைகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் நிற்கிறது. இடிந்துவிழும் நிலையில் இருந்த கட்டடத்தைச் சில ஆண்டுகள் உழைத்து மீட்டு, 2014-இல் மக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. தாள் ஒற்றி அச்சிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்டோக்கில் ஜோசையா ஸ்போட் 1784 வாக்கில் கைவசப்படுத்திய அந்த முறையை இங்கே இன்னும் செய்கிறார்கள்.

செதுக்கிய செப்பு உருளையைச் சூடாக்கி, எண்ணெயில் குழைத்த நிறத்தைப் பூசுகிறார்கள். சவர்க்கார நீர் தடவிய மெல்லிய திசுத்தாள் அதன்மேல் ஓடி, ஓவியத்தை வாங்கிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் நிற்கும் பெண் கத்தரிக்கோலால் அதை வெட்டி, ஒருமுறை சுட்டு இன்னும் மெருகு பூசாத பாத்திரத்தில் ஒட்டுகிறார். வளைந்த கெண்டியில் தட்டையான தாள் எப்படிப் படியும்? எங்கே கத்தரிக்க வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு விறைப்பான தூரிகையால் பலமாகத் தேய்க்கிறார். பார்க்கும் நமக்குத் தாள் கிழிந்துவிடுமோ என்று பதறுகிறது. தண்ணீரில் முக்கிக் கழுவியதும் தாள் கழன்று போகிறது, நீலம் நின்றுவிடுகிறது. அதன் பிறகு எண்ணெய் எரிந்துபோக ஒரு சூடு, மெருகு பூசி இன்னொரு சூடு.

"வேலையைக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

"நாளா? வருஷக்கணக்கு, டக்" என்றார். கை நிற்கவே இல்லை.

ஒரு கோப்பையைத் திருப்பி, கைப்பிடி ஓரத்தில் இரண்டு தாள்கள் சந்திக்கும் இடத்தைக் காட்டினார். பாதிப் பூவும் பாதி இலையும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அதை அவர் குறையாக நினைக்கவில்லை, தன் கையெழுத்தைக் காட்டுவதுபோல் காட்டினார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. வில்லோ ஓவியம் பிறந்ததே இந்த முறையால்தான். கையால் வரைந்த சீனத் தட்டை விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்காக, 1780-களிலும் 1790-களிலும் ஷ்ராப்ஷயரின் காஃப்லியிலும் இங்கே ஸ்டோக்கிலும், சீனாவின் பல காட்சிகளிலிருந்து மரம் ஒன்று, பாலம் ஒன்று என்று எடுத்துச் சேர்த்துச் செப்பில் செதுக்கினார்கள். பார்க்காத நாட்டைப் பற்றிய கற்பனை அது. பாலத்தில் சில தட்டுகளில் மூன்று பேர், சிலவற்றில் இரண்டு பேர். எனவே இன்று ஒருவர் அதில் பறக்கும் தட்டை வரைந்தால் மரபைக் கெடுத்துவிட்டார் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். வெட்டி ஒட்டுவதுதான் இதன் மரபே.

வெளியே வரும் வழியில் 1930-களின் பர்லி கூஜாக்களைப் பார்த்தேன். கைப்பிடியே ஒரு கிளி. பால் ஊற்றும்போது கிளியின் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் நாள், ஹான்லி

காலையிலிருந்து மழை. சாப்பாட்டுக்கு ஸ்டாஃபர்ட்ஷயர் ஓட்கேக். பெயர்தான் கேக், உண்மையில் ஓட்ஸ் மாவைப் புளிக்க வைத்துக் கல்லில் ஊற்றிச் சுடும் தோசை. மூன்று சாப்பிட்டேன்.

பிறகு பாட்டரீஸ் அருங்காட்சியகம். உள்ளே நுழைந்து ஒரு திருப்பம் திரும்பினால், மாடுகள்! அலமாரி நிறைய மாடுகள். ஒவ்வொன்றும் ஒரு பால் கெண்டி. வால் வளைந்து கைப்பிடியாகிறது, முதுகில் மூடி, வாய் வழியே பால் வருகிறது. லண்டனில் ஜான் ஷுப் என்ற வெள்ளிக் கொல்லர் 1750-களில் செய்யத் தொடங்கிய வடிவம். பிறகு ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கேப்ரியல் கீலர் என்ற சேகரிப்பாளர் 1962-இல் இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவை மட்டும் 667.

புள்ளி மாடு, ஊதா மாடு, மஞ்சள் மாடு, கன்று நக்கும் மாடு, பக்கத்தில் பால்காரி உட்கார்ந்திருக்கும் மாடு. முகங்கள்தான் அற்புதம். சில மாடுகள் ஆச்சரியப்படுகின்றன, சில கோபமாக இருக்கின்றன, ஒன்று நிச்சயமாக என்னைப் பார்த்துச் சிரித்தது. உள்ளே கைவிட்டுக் கழுவ முடியாததால் பால் புளித்துப்போகும், நோய் வரும் என்ற பேச்சு எழுந்து இந்தக் கெண்டி வழக்கொழிந்தது. பயன்படுத்த மோசமான பாத்திரம்தான். ஆனாலும் இத்தனை பேர் இதை வாங்கியிருக்கிறார்கள் என்றால், காலை நேரத்து மேசையில் ஒரு சிரிப்பு வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தத் தேவையை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

தவளைக் கோப்பை என்று ஒரு வகை உண்டு. வெளியே பார்க்கச் சாதாரணக் கோப்பை. குடிக்கக் குடிக்க, உள்சுவரில் ஒட்டியிருக்கும் மண்தவளை தலைகாட்டும். சிலவற்றில் தவளைக்கு வாயில் துளை இருக்கும். சாய்க்கும்போது பானம் அதன் வழியே களகளவென்று வரும். புதிர்க் கூஜா இன்னும் பழையது. கழுத்தில் சுற்றிலும் ஓட்டை, சாய்த்தால் மேலே கொட்டிவிடும். கைப்பிடிக்குள்ளும் விளிம்புக்குள்ளும் மறைவாக ஒரு குழல் ஓடுகிறது. சரியான துளையை விரலால் அடைத்து, கூஜாவின் மூக்கில் வாய் வைத்து உறிஞ்சினால்தான் ஒரு வாய் கிடைக்கும். இதை வனைவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வேடிக்கைக்காக அத்தனை பாடு.

நெடுநேரம் மாடுகளிடமே நின்றேன். ஆச்சி, உங்கள் மாடு இங்கேதான் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

ஆறாம் நாள், பார்லஸ்டன்

பேருந்தில் வெட்ஜ்வுட் அருங்காட்சியகம். இன்று ஒரே ஒரு விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

ரஷ்யப் பேரரசி கேத்தரின் 1773-இல் வெட்ஜ்வுட்டிடம் 50 பேருக்கான விருந்துப் பாண்டங்கள் கேட்டார். 952 உருப்படிகள், அவற்றில் 1,222 பிரிட்டிஷ் காட்சிகள்: கோட்டை, ஏரி, இடிந்த மடம், பூங்கா. அடுத்த ஆண்டே முடித்து, அனுப்பும் முன் லண்டனில் பார்வைக்கு வைத்தார்கள். இது பீங்கான்கூட இல்லை, வெட்ஜ்வுட்டின் பெருமையான பால்நிற மண்பாண்டம். இவ்வளவு கம்பீரமான வரிசையில் ஒவ்வொரு உருப்படியின் விளிம்பிலும் கேடயத்துக்குள் ஒரு பச்சைத் தவளை உட்கார்ந்திருக்கிறது! அரண்மனை அமையவிருந்த இடத்துக்கு ஃபின்னிய மொழியில் தவளைச் சதுப்பு என்று பெயர். அதனால் தவளையே சின்னம்.

பேரரசியின் மேசையில், தூதுவர்களுக்கு முன்னால், சூப்புக் கிண்ணத்தில் தவளை. பெரும்பகுதி இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கேயும் ஒருநாள் போக வேண்டும்.

மாலையில் ஒரு பழம்பொருள் கடையில் 2 பவுண்டுக்கு ஒரு வெற்று வெள்ளைத் தட்டு வாங்கினேன். நகத்தால் சுண்டினேன், மணிபோல் ஒலித்தது. விளக்குக்கு எதிரே பிடித்தேன், பின்னால் என் விரல்களின் நிழல் தெரிந்தது. போன் சைனாதான்.

ஏழாம் நாள், ஸ்டோக்

ஒரு சிறிய பட்டறையில் அரைநாள் வகுப்பு. நீலத்தில் அச்சடித்த வில்லோ டீகால் தாள்கள் தருகிறார்கள். வேண்டிய பகுதியைக் கத்தரித்து, அரை நிமிடம் தண்ணீரில் போட்டால் படம் தாளைவிட்டு வழுக்கும். தட்டில் வைத்து, ரப்பர் துண்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி நீரையும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழி தங்கினாலும் சூளையில் அந்த இடத்தில் நிறம் ஓட்டையாகிவிடும். எனக்கு மரத்தின் கிளையில் இரண்டு முறை மடிந்தது. சொல்லிக்கொடுத்த பெண் பொறுமையாக மறுபடி நனைத்து நிமிர்த்தித் தந்தார்.

மற்றவர்கள் டைனோசர், மிதிவண்டி, தங்கள் வீட்டு நாய் என்று சேர்த்தார்கள். நான் ஹான்லியில் பென்சிலால் வரைந்து வைத்திருந்த மாட்டை நீலத்தில் அச்செடுத்துத் தரச் சொன்னேன். கட்டைவிரல் நகம் அளவு. பாலத்தின் இடது முனையில், அத்தைக்கு நாலடி முன்னால், கால்கள் தரையில் சரியாகப் படும்படி வைக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பிப் பார்க்கிற மாதிரி வரைந்திருந்தேன். கம்போடு வருகிறவரை அது பார்க்கிறது.

"இது ஏன் ஓடுகிறது?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்டது" என்றேன்.

தட்டு இன்று இரவு 800 டிகிரிச் சூட்டில் இருக்கும். நாளை காலை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ரயில் பதினொன்றரைக்கு. அம்மையார் சுற்றி எடுத்துப் போகப் பழைய துண்டு ஒன்றும் செய்தித்தாளும் எடுத்து வைத்திருக்கிறார்.